இருக்கைக்கு அடியில் ‘டக் டக்’: ரயில் சக்கரம் உடையுமா?

கேள்வி: வாரந்தோறும் ரயிலில் ஊருக்குப் போகிறேன். சென்ற முறை என் இருக்கைக்கு அடியில் ‘டக் டக்’ என்று விடாமல் தட்டிக்கொண்டே வந்தது. வேகம் கூடினால் தட்டலும் கூடியது. சக்கரம் உடைந்துவிடுமா?

பதில்: உடனே உடைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆனால், யாரிடமும் சொல்லாமல் இறங்கியும் போய்விடாதீர்கள்.

அது சக்கரம்தானா என்று முதலில் பாருங்கள். தண்டவாள இணைப்பின் சத்தம் இரண்டிரண்டாக, இடைவெளி விட்டு வரும். சக்கரத்தின் சத்தம் சுற்றுக்கு ஒரு தட்டாக, விடாமல் வரும். பெட்டியின் புதிய சக்கரம் 915 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர் ஓடும். வண்டி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து நிலையத்துக்குள் நுழையும்போது எண்ணுங்கள். 10 நொடியில் சுமார் 20 தட்டு கேட்டால் சக்கரம்தான். சக்கரத்தின் ஓரிடம் இப்படித் தட்டையாகிவிடுவதை ரயில்வே ஊழியர்கள் ‘ஃபிளாட் டயர்’ என்பார்கள்.

பிரேக் இறுகி, சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே இழுபடும்போது அந்த இடம் தட்டையாகிவிடுகிறது. தூறலில் நனைந்த தண்டவாளத்தில் இது எளிதாக நேரும். இந்திய ரயில்வேயில் பயணிகள் பெட்டிக்கு அனுமதிக்கப்பட்ட தட்டை நீளம் 50 மி.மீ. அதன் ஆழத்தைக் கணக்கிட்டால் 0.7 மி.மீ. கூட வராது, ஏடிஎம் அட்டையின் கனத்தைவிடக் குறைவு! அவ்வளவு சிறிய பள்ளம்தான், ஆறேழு டன் சுமையோடு ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டியாய் அடிக்கிறது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கண்ணுக்குத் தெரியாத சேதம். சறுக்கிய இடம் நெருப்பாய்க் காய்கிறது. சக்கரம் மறுபடி சுழன்றதும் சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு அந்தச் சூட்டை ஒரே கணத்தில் உறிஞ்சிவிடும். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்குவது போலத்தான். ‘மார்டென்சைட்’ என்ற கடினமான, நொறுங்கும் படலம் அங்கே உருவாகிறது. அதில் மயிரிழை விரிசல்கள் விட்டு, உருக்கு சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவே தட்டையை மட்டும் சமன்செய்தால் போதாது. அந்தப் படலம் முழுவதும் போகும்வரை கடைசல் இயந்திரத்தில் சீவ வேண்டும். அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரத்தையும் அதே அளவுக்குக் குறைத்தாக வேண்டும். ஒரு சறுக்கல் இரண்டு சக்கரங்களின் ஆயுளைத் தின்றுவிடுகிறது.

எல்எச்பி எனப்படும் ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டிகளில் சறுக்கலைத் தடுக்கும் கருவி உண்டு. அது பழுதானால் அங்கும் இதே கதைதான்.

ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றையும் சொல்லுங்கள். எந்த முனைச் சக்கரத்தைப் பார்ப்பது என்பதை இருக்கை எண்ணை வைத்துத்தான் ஊழியர் தேடுவார். தட்டலோடு தீய்ந்த வாடையோ புகையோ வந்தால் பிரேக் இன்னும் விடவில்லை என்று பொருள். அப்போது தொலைபேசியில் காத்திருக்காமல் டிக்கெட் பரிசோதகரிடம் நேரே ஓடுங்கள்.