எந்தச் சுறா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

கேள்வி: வரும் ஜூலையில் கேப் டவுன் செல்கிறோம். அங்கே கூண்டுக்குள் இறங்கிப் பெரிய வெள்ளைச் சுறாவைப் பார்த்தே தீர வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது. துணிந்து இறங்கலாமா? பணம் கட்டினால் வெள்ளைச் சுறா வருவது உறுதிதானா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: நீச்சல் தெரியாதது இதற்குத் தடையே அல்ல. படகின் பக்கவாட்டில் கட்டப்பட்ட கூண்டின் மேற்பகுதி தண்ணீருக்கு மேலே நிற்பதால், உள்ளே இருப்பவரின் தலையும் மேலேயே இருக்கும். சுறா வரும் திசையைச் சொல்லிப் படகிலிருந்து குரல் கொடுத்ததும் மூச்சை அடக்கி, உட்புறக் கம்பியைப் பிடித்தபடி தலையை அமிழ்த்தினால் போதும். கையோ காலோ கூண்டைத் தாண்டி வெளியே நீளக் கூடாது. அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுறாவைவிடக் குமட்டல்தான் பலரைப் படுத்துகிறது. சுறாவை வரவழைக்க ஊற்றும் மீன் கரைசலின் வாடையும் நங்கூரமிட்ட படகின் ஆட்டமும் சேர்ந்தால் வயிறு தாங்காது என்பதால், மருத்துவரைக் கேட்டு அதற்கான மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை அங்கே குளிர்காலம். படகு நிறுவனத்தார் தரும் வெட்சூட் என்ற ரப்பர் உடையையும் மீறிக் குளிரும்.

இரண்டாவது கேள்விக்கு வருத்தத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேப் டவுனிலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரத்தில் எட்டும் கான்ஸ்பாய், ஒரு காலத்தில் வெள்ளைச் சுறாக்களின் தலைநகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. 2017-இல் அங்கே கரையொதுங்கிய சுறாக்களின் மார்புத் துடுப்புகளுக்கு இடையே உடல் கிழிக்கப்பட்டு, ஈரல் மட்டும் காணாமல் போயிருந்தது. முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்புறமும் மற்றொன்றுக்கு வலப்புறமும் சாய்ந்திருக்கும், ‘போர்ட்’, ‘ஸ்டார்போர்ட்’ என்று பெயரிடப்பட்ட இரண்டு ஓர்கா திமிங்கிலங்களின் வேலை அது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெள்ளைச் சுறாக்கள் அந்தக் கடலை விட்டு அகன்றன. ஓர்காக்கள் மட்டுமே காரணமா, மனிதர்களின் மீன்பிடிப்பும் சேர்ந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 1991-இலேயே, உலகில் முதல் நாடாக, இந்த உயிரினத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த தென்னாப்பிரிக்காவில் இப்படி நேர்ந்தது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இன்று கான்ஸ்பாயில் கூண்டருகே பெரும்பாலும் வருபவை வெண்கல நிறச் சுறாக்கள். அவையும் பார்க்கத் தக்கவையே. ஆனால் மகள் மனத்தில் வைத்திருப்பது அவற்றையல்ல. வெள்ளைச் சுறாவேதான் வேண்டும் என்றால், ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனிலிருந்து படகில் செல்லும் நெப்டியூன் தீவுகளுக்காகக் காத்திருப்பது நல்லது. மெக்சிகோவின் குவாடலூப் தீவில் 2023-இலேயே இந்தச் சுற்றுலாவைத் தடை செய்துவிட்டார்கள்.

கேப் டவுன் பயணம் முடிவாகிவிட்டதென்றால், கடந்த ஒரு மாதத்தில் எந்தெந்தச் சுறாக்கள் வந்தன, ஒன்றுமே வராவிட்டால் மறுபடியும் அழைத்துச் செல்வார்களா என்று படகு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலை முன்பணம் கட்டுவதற்கு முன்பே மகளிடம் காட்டிவிடுங்கள்.