பேருக்கு ஒரு கல்யாணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே துறையில் இரண்டு பேராசிரியர்கள், எலியும் பூனையும். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. அவளுடைய ஆய்வுக்கு வேண்டிய ஆய்வகமும் அதே ஊரில். விசாவுக்காகப் பேருக்குக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். காதலை எத்தனையாவது அத்தியாயத்தில் சொல்ல வைக்கலாம்? ‘இதெல்லாம் இலக்கியமா, யார் இப்படிக் கல்யாணம் செய்வார்கள்’ என்கிறார்கள் நண்பர்கள். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இலக்கியமா என்று கேட்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் நேரத்தில் ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம்.

யார் இப்படிச் செய்வார்கள் என்பதற்கு மட்டும் ஒரு பெயர் சொல்கிறேன். சில வாரங்களாக என் மனதில் இருப்பவர் அவர்தான், உங்கள் கடிதத்தை எடுத்ததும் அதனால்தான். சோபியா கோவலெவ்ஸ்கயா, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யக் கணிதவியலாளர். அன்றைய ரஷ்யாவில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. அப்பாவோ கணவனோ சம்மதிக்காமல் நாட்டை விட்டுப் போகவும் முடியாது. 1868இல், 18 வயதில், விளாதிமிர் கோவலெவ்ஸ்கியைப் பேருக்குக் கல்யாணம் செய்துகொண்டு மறு வருடமே வெளியேறினார். அந்தத் தலைமுறையில் படிக்க ஆசைப்பட்ட பெண்களுக்கு இது தெரிந்த வழிதான். பெர்லின் பல்கலைக்கழகம் அவரை வகுப்பில் உட்காரவே விடவில்லை. கணிதமேதை வையர்ஸ்ட்ராஸ் நான்கு வருடம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். 1874இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தந்தது. சமர்ப்பித்த மூன்று கட்டுரைகளில் ஒன்று சனிக்கோளின் வளையங்கள் எந்த வடிவில் இருக்கும் என்பது. கணவரோ தொல்லுயிர் ஆய்வாளர், புதைபடிவக் குதிரைகளைத் தேடிப் போனவர். நெடுநாள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். 1878இல்தான் மகள் பிறந்தாள்.

சனியின் வளையம், குதிரையின் குளம்பெலும்பு. இந்த இரண்டையும் சொன்ன உடனே இரண்டு ஆட்கள் கண்முன் வந்து நிற்கிறார்களா இல்லையா?

இப்போது உங்கள் அத்தியாயங்களுக்கு வருகிறேன். மூன்றையும் இரண்டு தடவை படித்தேன். உங்கள் நாயகி எதில் பேராசிரியர்? ‘அறிவியல் துறை’ என்று மட்டும் இருக்கிறது. அவள் கூந்தலுக்கு நான்கு பத்தி, அவன் தோள்களுக்கு இரண்டு. எதிரிகள் என்கிறீர்களே, எதைப் பற்றிச் சண்டை? ‘அவள் கருத்தை அவன் எப்போதும் மறுப்பான்’ என்று ஒரு வரி. எந்தக் கருத்தை? இது சோம்பேறித்தனம். அறிவாளிப் பெண்ணை எழுதப்போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு அவள் அறிவை மட்டும் விட்டுவிட்டீர்கள். கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சமையலறைப் பேச்சை நீங்கள் எழுதியிருக்கும் அழகைப் பார்த்தேன்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது எனக்கும் ஒரு எதிரி இருந்தார். என் ஆய்வேட்டின் ஒரு இயல் முழுக்க ஒரே ஒரு சொல்லின் மேல் நின்றது. அந்தச் சொல் மூலப்பிரதியில் இல்லை, பிந்திய பதிப்பில்தான் நுழைந்திருக்கிறது என்று கருத்தரங்கில் எழுந்து சொன்னார். இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் அவரிடம் போய் அவர் கையிலிருந்த என் ஆய்வேட்டுப் பிரதியை வாங்கிவந்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு. என் வழிகாட்டியே பாதிக்கு மேல் புரட்டியதில்லை. ஓர் அடிக்குறிப்பில், யார் கண்ணிலும் படாது என்று நினைத்து, எனக்கு மிகவும் பிடித்த ஊகம் ஒன்றை ஒளித்துவைத்திருந்தேன். அதன் ஓரத்தில் ‘இது நல்லது’ என்று எழுதியிருந்தார். அந்தப் பிரதியை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவருடன் எனக்குக் காதல் வரவில்லை, நட்புகூட வரவில்லை. ஆனால் அதற்கு முன் யாரும் என்னை அப்படி வாசித்ததில்லை.

உங்கள் நாவலின் இருவரும் அப்படித்தானே ஒருவரையொருவர் பல வருடம் வரி வரியாகப் படித்திருப்பார்கள்? தவறு கண்டுபிடிக்கத்தான் படித்தார்கள், இருக்கட்டும். ஒரே வீட்டுக்குள் வந்த பிறகு, பழைய கட்டுரை ஒன்றில் தான் வைத்த ஒரு காற்புள்ளி வரை அவனுக்கு நினைவிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவரும் இடத்தை எழுதிப் பாருங்கள். அதற்கு அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனையாவது அத்தியாயம் என்று கேட்டிருந்தீர்கள். பிறகு பார்க்கலாம். முதலில் அவள் ஆய்வேட்டின் தலைப்பை எனக்கு எழுதி அனுப்புங்கள். அதில் அவன் கண்ட பிழையையும்.