அரை மணி நேரத்தில் சென்னை போக முடியாதா?

கேள்வி: கோவை - சென்னை விமானத் தூரம் 400 கி.மீ. என்று போனில் காட்டுகிறது. விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகுமாம். அப்படியானால் அரை மணி நேரம்தானே? டிக்கெட்டில் ஒன்றே கால் மணி நேரம் போட்டிருக்கிறதே, மீதி எங்கே போச்சுங்க?
- வாசகர், பல்லடம்

பதில்: கணக்கு சரிதானுங்க. அந்த 400, பீளமேட்டுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நூல் பிடித்த தூரம் (ரோட்டில் போனால் 500 ஆகிவிடும்). 800 என்பது மேலே ஏறி நிதானத்துக்கு வந்த பிறகு எடுக்கிற வேகம், சென்னைக்குப் போகையில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடுவதால் அந்த வேகம் ரொம்ப நேரம் நிற்பதில்லை. அப்புறம், டிக்கெட் நேரம் என்பது பறக்கிற நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கிறவரை அவர்கள் கணக்கு. நான் ஒருமுறை வாட்சைப் பார்த்துக்கொண்டே போனேன், சக்கரம் தரையை விட்டது முதல் தரையைத் தொட்டது வரை 48 நிமிடம்.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். நம் ஊர் ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்காகக் கிடக்கிறது. சென்னை வடகிழக்கே. ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விசிறி அடிக்கும்போது, சென்னைக்குப் போகிற விமானம் முதலில் பாலக்காட்டைப் பார்த்துக் கிளம்பி, அப்புறம் வளைந்து திரும்பும். சென்னையிலும் மேற்கிலிருந்து காற்று அடித்தால் ஊரைத் தாண்டிப் போய், கடல் பக்கமிருந்து திரும்பி வந்துதான் இறங்கும். நூல் பிடித்த கணக்கில் இந்த வளைவெல்லாம் வராது.

கேள்வி: மகன் சார்ஜாவில் இருக்கிறான். டிக்கெட்டைப் பார்த்தால் போக இரண்டரை மணி நேரம், வர ஐந்து மணி நேரம் மாதிரி தெரிகிறதே?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தந்த ஊர் நேரத்தைப் போடுகிறார்கள் அம்மா. சார்ஜா கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். தூரம் சுமார் 2,770 கி.மீ. இங்கே காலை 4 மணிக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்தால் நமக்கு 8, அங்கே ஆறரை. வரும்போது அதே ஒன்றரை மணி கூடிவிடும். உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து தள்ளுவதால், திரும்பி வருகிற பயணம் உண்மையில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து சென்னைக்கு விமானமா, ரயிலா, எது சீக்கிரம்?
- வாசகர், ஈரோடு

பதில்: ரயில். பீளமேடு வரவே இரண்டு மணி நேரம், கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால் அதற்கும் முன்னால் நிற்க வேண்டும், பறக்க ஒன்றே கால், பெட்டி வாங்கி வெளியே வர அரை மணி. ஐந்து மணி நேரம் ஆச்சு, இன்னும் மீனம்பாக்கத்தில்தான் நிற்கிறீர்கள். வந்தே பாரத் உங்கள் ஊரில் ஏற்றி, சுமார் நாலரை மணி நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது.