கா யௌ என்றால் எண்ணெய் ஊற்றுவதா?

தம்பி, ஹாங்காங் வந்து இரண்டு மாதமாகிறது, அலுவலகத்தில் எல்லோரும் ‘கா யௌ’ என்கிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது, பாடுபட்டு உழைப்பதற்கு கான்டனீஸில் வேறு என்ன சொற்கள் உண்டு என்று கேட்டிருந்தீர்கள்.

கா என்றால் சேர், யௌ என்றால் எண்ணெய். ‘விடாதே, முழு மூச்சாக இறங்கு’ என்று தட்டிக்கொடுப்பது அது. பரீட்சை எழுதப் போகும் பிள்ளைக்கும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கும் சொல்வார்கள். 2018-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே ‘ஆட் ஆயில்’ என்று இதைச் சேர்த்துக்கொண்டது. வண்டிக்கு பெட்ரோல் போடுவதை மட்டும் இங்கே ‘யப் யௌ’ என்பார்கள். பதிலுக்குச் சிரித்தபடி ‘தோ செ’ என்று நன்றி சொன்னால் போதும். உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம். காகத்தில் வரும் நம் கா அப்படியே பொருந்தும். அதை உயரத்தில் பிடித்து, யௌவைக் கீழே இறக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டிங் ஙாங் சோங்’. ஷாம் ஷுய் போவில் என் முதல் வீடு, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், நான்காவது மாடி. என் வாஷிங் மெஷினை ஒருவர் தனி ஆளாகப் பட்டை கட்டி முதுகில் ஏற்றினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று, சுவரில் கை ஊன்றி, இந்த மூன்று சொல்லையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஏறினார். பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு மேலே போ என்று அர்த்தம். அகராதியில் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு பதிந்திருக்காது.

இன்னொன்று ‘சிக் நாய்’, அதாவது ‘பால் குடிப்பது’ என்பதைச் சேர்த்துச் சொல்வது. குழந்தையில் பால் குடித்த பலம் வரை திரட்டிப் போட்டேன் என்பார்கள். கனமான மேசையை நகர்த்தும்போது கேட்கலாம்.

அப்புறம் ‘பொக் மெங்’. நாம் ‘உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறான்’ என்கிறோமே, அதேதான். இதில் மட்டும் கவனமாக இருங்கள். உங்களைப் பார்த்து அப்படிச் சொன்னால் பாராட்டோடு கொஞ்சம் கவலையும் இருக்கும். நான் இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருந்த நாட்களில், பக்கத்து மேசை அக்கா பையை மாட்டிக்கொண்டே ‘ம் சாய் கம் பொக்’ என்பார். இவ்வளவு முட்டி மோத வேண்டாம், வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு நான் கணினியை அணைக்கும் வரை லிஃப்ட் பக்கத்தில் நிற்பார்.