வாயில தள்ளுற நுரையும் கையில திணிக்கிற சாவியும்

ஐயா வணக்கம். காரைக்குடியில இருந்து எழுதுறேன். இங்கிலீஷ்ல ஃப்ராத்னா காபி நுரையும் அதான், ஷேர் மார்க்கெட்ல சரக்கே இல்லாம ஏறுற விலையும் அதான், கோவத்துல கத்துறவன் வாயில வர்றதும் அதான். நான் ஒரு டிவி விவாதத்தப் பத்தி ஃபேஸ்புக்ல 'வலிப்பு வந்தவன் மாதிரி நுரை தள்ளக் கத்துனாரு'ன்னு போட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தன் சண்டைக்கு வர்றான். தமிழ்ல அப்படி எழுதலாமா?

தம்பி, காபியும் ஷேர் மார்க்கெட்டும் இருக்கட்டும், இஷ்டம்போல எழுதுங்க. ஆனா உங்க ஃப்ரெண்டு சண்டைக்கு வந்தது ரொம்ப சரி. வலிப்பு வந்து கெடக்குறவங்க யாரு மேலயும் கோவப்படல, அப்ப அவங்களுக்கு நெனவே இல்ல. அவங்கள எதுக்கு டிவியில கத்துறவனோட சேக்குறீங்க?

எங்க பெரியப்பா மக, எனக்கு ஆச்சி, எங்க பக்கம் அக்காவ அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளத்தூர்ல ஒரு கல்யாண வீட்டுல ரெண்டாங்கட்டுல பந்தி நடக்குறப்ப அப்படியே சாஞ்சுட்டாங்க, கையும் காலும் வெட்டி இழுக்குது, வாயில நுரை, பாதிப் பேரு எலைய விட்டு எந்திரிச்சு ஓடுறாங்க, மீதிப் பேரு சுத்தி நின்னு காத்த அடைக்கிறாங்க. ஒருத்தர் முகப்புக் கதவு சாவிய, நம்ம ஊரு வீட்டுச் சாவி எம்புட்டுப் பெருசுன்னு தெரியுமில்ல, அதக் கொண்டாந்து கையில திணிச்சாரு, இன்னொருத்தர் பல்லு கிட்டிக்கிச்சுன்னு கரண்டிக் காம்ப வாயில விட்டாரு. கொஞ்ச நேரத்துல நின்னுருச்சு. சாவிக்குப் பேரு வந்துச்சு, ஆச்சிக்கு முன்பல்லு போச்சு.

முக்காவாசி வலிப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுரும். சாவி குடுத்தாலும் நிக்கும், குடுக்காட்டியும் நிக்கும். நுரைங்கிறது வெறும் எச்சில்தான், தாடை இறுகி முழுங்க முடியாம போறதால காபி ஆத்துறப்ப மாதிரி மூச்சுக்காத்து கலந்து நுரைக்குது, நாக்கக் கடிச்சிருந்தா ரத்தமும் சேந்து வரும். வெறிநாய்க்கடி முத்துனாலும் தொண்டை இழுத்துப் புடிச்சு எச்சில முழுங்க முடியாமத்தான் வடியுது. நீங்க செய்ய வேண்டியது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், தலைக்கடியில துணி வைக்கணும், கழுத்துப் பட்டன தளத்தணும், கடிகாரத்தப் பாக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108. வாயில எதையும் விடக்கூடாது, தண்ணி கூட. எதையும்னா எதையும்!

ஆச்சிக்கு அப்பறம் கல்யாணம் ஆச்சு, சொல்லாமத்தான் பண்ணி வச்சாங்க. மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க, மாமியாரு பாத்துருவாங்கன்னு போடாமயே விட்ட நாளும் உண்டு, அதனாலயே திரும்பத் திரும்ப வந்துச்சு. மாத்திரைய ஒழுங்காப் போட்டா பத்துல ஏழு பேரு வரைக்கும் வலிப்பே வராம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அந்த ஏழுல ஒருத்தியா எங்க ஆச்சியும் இருந்திருக்கலாம், அது எனக்கு இன்னைக்கும் ஆறல தம்பி. முன்னெல்லாம் அடிக்கடி வலிப்பு வர்றவங்க கல்யாணத்த கோர்ட்டுக்குப் போயி செல்லாதுன்னு ஆக்க முடியும், 1999ல இந்து திருமணச் சட்டத்துல இருந்து அதத் தூக்கிட்டாங்க. நம்ம பக்கம் வரன் பாக்குறவங்க இன்னும் அத ரகசியமாத்தான் விசாரிக்கிறாங்க, பெத்தவங்களும் பயந்து மறைக்கிறாங்க. உங்க போஸ்ட்ட அப்படி மறைச்சு வச்சிருக்குற பொண்ணு ஒண்ணு படிச்சிருந்தா என்ன நெனைக்கும்? மொதல்ல அந்த வரியத் தூக்குங்க.