கேள்வி - பதில்: மே 1 யாருடைய விடுமுறை?

கேள்வி: மும்பையில் மே 1 அன்று விடப்படும் விடுமுறை தொழிலாளர் தினத்துக்கா, மகாராஷ்டிர தினத்துக்கா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: இரண்டுமே அந்நாளில்தான் வருகின்றன; ஆனால் வேர்கள் வேறு. பம்பாய் மாநிலம் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டு, 1960 மே 1 அன்று மகாராஷ்டிரமும் குஜராத்தும் உருவானதால், குஜராத்துக்கும் அதுவே மாநில நாள். மும்பை மகாராஷ்டிரத்துடன் இணைய வேண்டும் என்ற போராட்டத்தில் உயிர்நீத்தவர்களுக்காக ஃபுளோரா நீரூற்றின் அருகே எழுப்பப்பட்டுள்ள நினைவுச் சின்னத்தைத் தாங்கள் அவசியம் நின்று பார்க்க வேண்டும். அதில் உழவரும் தொழிலாளியும் இணைந்து தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அவ்விடத்துக்கு இன்று ஹுதாத்மா சௌக், அதாவது தியாகிகள் சதுக்கம், என்று பெயர். தொழிலாளர் தினம் இதைவிட மூத்தது: இந்தியாவில் முதன்முதலாக, 1923-இல், சென்னையில் மே தினம் கொண்டாடியவர் நம் சிங்காரவேலர்.