காரீயம் உருக்க சமையலறை வேண்டாம்

கேள்வி: தூண்டிலுக்கான ஈயக்குண்டுகளை நானே வார்க்கிறேன். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறை அடுப்பில் பழைய அலுமினியப் பாத்திரத்தை வைத்து உருக்குவேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, துணி முகக்கவசமும் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு போதுமா?

பதில்: போதாது. முதலில் அந்த வேலையைச் சமையலறையை விட்டு வெளியே கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

புகைக்குப் பயந்துதான் ஜன்னலைத் திறக்கிறீர்கள். காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கொதிப்பதற்கு 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகும் அளவுக்கு மட்டும் சூடு வைத்தால் எழும் ஆவி குறைவு. தேவையில்லாமல் சூடேற்றினால்தான் கூடும். எனக்குப் பெரிய பயம் மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடைப் பற்றித்தான். வழித்தெடுக்கும்போது அது தூசாகப் பறந்து அடுப்புமேடை, தரை, உங்கள் சட்டை என்று எல்லாவற்றிலும் படியும். கண்ணுக்குத் தெரியாது. காலையில் அதே தரையில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் பெரியவர் உடல் ஏற்கிறது. சிறு குழந்தையின் உடல் பாதியளவு வரை ஏற்றுக்கொள்ளும். அது போய்ச் சேருவது வளரும் மூளைக்கு. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்தது தண்ணீர். உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் மாட்டினாலும் நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். சட்டியில் உள்ளது முகத்தில் தெறிக்கும். அச்சு, கரண்டி, புதிதாகப் போடும் துண்டு எல்லாவற்றையும் சூடுகாட்டி நன்றாக உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். மழை தூறினால் அன்று வேலை வேண்டாம்.

அலுமினியப் பாத்திரம் சூட்டில் வலுவிழந்து அடி விட்டுவிடலாம். கனமான இரும்புச் சட்டி வாங்குங்கள்; அதில் இனி ஒருநாளும் சமைக்கக் கூடாது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம், தோல் கையுறை, மூடிய காலணி, முழுக்கைப் பருத்திச் சட்டை வேண்டும். துணி முகக்கவசம் ஈயத் தூசைத் தடுக்காது. நுண்தூசு வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம்தான் தடுக்கும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே எடுக்காதீர்கள். அமிலமும் நச்சு வாயுவும் சேர்ந்த வேலை அது.

முடித்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கசடை மூடிய டப்பாவில் போட்டு, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். அந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

இதுவரை உருக்கியிருக்கிறீர்களே, அதற்காக இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, குழந்தைக்கும் உங்களுக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதியுங்கள். வீட்டில் யாராவது கருவுற்றிருந்தால் அவருக்கும்தான். குழந்தை கொஞ்சம் வளரும்வரை குண்டுகளைக் கடையில் வாங்கிக்கொள்ள முடியுமானால், நான் அதைத்தான் கேட்டுக்கொள்வேன்.